ஒரு விரல்கூடத் தெரியக் கூடாது

"இவளை மட்டும் எடுத்துடணும்" என்று படத்தின் ஓரத்தில் நின்றிருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள் வந்தவள்.

ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

பழைய குடும்பப் படம். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் இரண்டு மகள்கள். விறைப்பாக நின்ற மூத்தவள்தான் இப்போது ஆபீஸ் பையோடு எதிரே நிற்கிறாள். சின்னவள் பல் தெரியச் சிரித்தபடி அம்மாவின் தோளில் கையைப் போட்டிருந்தாள்.

"இது யாரும்மா?"

"என் தங்கச்சி."

ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரின் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "கூடப் பொறந்தவளையா எடுக்கச் சொல்றீங்க?"

"ஆமா." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அம்மா தோள்ல இருக்கற கையையும் எடுத்துடுங்க. ஒரு விரல்கூடத் தெரியக் கூடாது."

"அம்மா சம்மதிச்சாங்களா?"

"அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இதே பழைய ஃபிரேம்லயே போட்டுக் கொடுங்க, வித்தியாசம் தெரியாம இருக்கும். கொஞ்சம் சீக்கிரம் வேணும்."

கொட்டாவியை அடக்கிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. "தங்கச்சியை அழிக்கச் சொல்லிட்டுக் கொட்டாவி விடறா. கல்நெஞ்சு!"

"சொத்துத் தகராறா இருக்குமோ?"

"சொத்தாவது மண்ணாவது. அந்தச் சின்னது முகத்தைப் பாருங்க. மனசுக்குப் பிடிச்சவனோட போயிருக்கும். என்னை எங்க வீட்டுச் சுவர்லேருந்து எடுத்த மாதிரியே இதையும் எடுக்கறாங்க."

ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அந்தச் சுவரிலிருந்து அவளை எடுக்கக் காரணமானவரே அவர்தான்.

"நீங்க எடுக்கப் போறீங்களா?"

"வேலைன்னு வந்தா செய்யாம முடியுமா?"

"அப்படின்னா இன்னிக்கு நீங்களே சமைச்சுக்கங்க."

கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினார். சின்னவளின் கை வரைக்கும் வந்த மவுஸ் அம்பு அங்கேயே நின்றது. அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காமிராவைப் பார்த்திருந்தாலும், தலை சின்னவளின் கைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

"வெட்டச் சொன்னவங்க எத்தனை பேர், பின்னாடி வந்து 'அதை மறுபடி ஒட்டித் தர முடியுமா'ன்னு கேட்டிருக்காங்க!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு வேறு வேலையில் இறங்கினார். மங்கிப்போயிருந்த சின்னவளின் கன்னத்தைத் தெளிவாக்கினார். பூஞ்சைக் கறையைப் போக்கினார். கண்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தார். எட்டிப் பார்த்த மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அவ வந்து சத்தம் போட்டா?"

"நான் புத்தி சொல்லி அனுப்பறேன்."

"சுருக்கமாச் சொல்லுங்க. நீங்க ஆரம்பிச்சா அவளும் தூங்கிடுவா."

படத்தை வாங்க அவள் வந்தபோது வெளியே நல்ல மழை. குடையிருந்தும் பாதி நனைந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரெடியா? அம்மா வெறும் சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. இப்பவே கொண்டுபோய் மாட்டணும்."

அவர் நீட்டிய படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்டூடியோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கோபம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். போனப்புறம் இந்த முகத்தை எங்கே போய்த் தேடுவீங்க? காசு வேண்டாம். இது என் கடமைன்னு…"

"மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டது அவ்வளவு பெரிய குத்தமா?" என்று மனைவி இடையில் புகுந்தாள். "பெத்தவளுக்குத் தெரியாம பிள்ளையை அழிக்கலாமாம்மா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு மேலாகத் தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. இவளை இவ்வளவு தெளிவாப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

ஸ்டூடியோக்காரர் மனைவியைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார்.

"கல்யாணமெல்லாம் இல்லைங்க. போன புயல்ல அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு வரேன்னு கிளம்பினா. பாதி வழியில மரம் விழுந்துடுச்சு. அங்கேயே போயிட்டா."

மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்கு இப்ப எதுவும் மனசுல நிக்கறதில்லை. இவ வெளியூர் போயிருக்கான்னு சொன்னா வாசல்லயே உட்கார்ந்து காத்திருக்காங்க, சாப்பிடறதில்லை. படத்தையே கழட்டிட்டா அப்பாவைக் காணோம்னு சுவரைத் தடவறாங்க. ஆனா படம் இங்கே இருந்தவரைக்கும் இவளை மட்டும் கேட்கவே இல்லை. அதான் இவளை மட்டும்…"

ஸ்டூடியோக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் படத்தைத் திரும்பவும் மேஜைமேல் வைத்து, அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"காலையில கண்ணைத் திறந்ததும் இந்தப் படத்தைப் பார்த்து 'சின்னவ எங்கே?'ன்னு கேட்பாங்க, நானும் நடந்ததைச் சொல்லுவேன். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு அவ அன்னிக்குத்தாங்க சாகறா."