ஒழிப்புத் திருவிழா

'கெண்டையை ஒழிக்கத்தானே என்னை வேலைக்கு வைத்தார்கள்? இப்போது அதற்குப் பேறுகாலம் பார்க்கச் சொல்கிறார்களே!'

அமலோற்பவம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கெண்டைகள்தான் அடிச்சேற்றைக் கிளறி மலையேரியையே கலக்கிவிட்டன. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது. அவள் மகள் மூன்று மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

கோழி இறகில் கட்டிய பொய் ஈயைக் கவ்விய மீனைப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். வேலைக்கென்று கொடுத்திருந்த, மீனை அடையாளம் காணும் கருவி பொருத்திய தூண்டில் கம்பு பேசியது: "சினை மீன். விட்டுவிடவும்."

"விட்டுருங்கக்கா," என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளன் ஞானதுரை. "எல்லாத்தையும் பிடிச்சுட்டா, அடுத்த வருஷம் ஒழிப்புத் திருவிழாவுக்கு வர்ற வெளிநாட்டுக்காரன் எதைப் பிடிப்பான்? உங்க வேலையும்ல போயிரும்!"

"உங்க வீட்ல எந்தத் தண்ணி தம்பி குடிக்கிறீங்க?"

"கேன் தண்ணிதான். ஏன்க்கா?"

அவள் மீனைக் கூடையில் போட்டு மூடினாள். கம்பு மறுபடி சொன்னது. ஞானதுரையும் மறுபடி சொன்னான். அமலோற்பவம் கூடையின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தாள். அடியில் மீன் துள்ளுவது அவள் உடம்பில் தெரிந்தது. அது அடங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டு, அடுத்த ஈயைக் கட்டத் தொடங்கினாள்.