சின்ன வீடு, பெரிய வீடு

சட்டையில் விறகுப் புகை வாசனை அடித்தது.

சாந்தாமணி இன்னொரு தரம் மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, அடுப்புப் புகைதான். உடுமலைப்பேட்டைக்காரிக்கு விறகுப் புகை தெரியாதா என்ன?

ஐந்து நாள் கனடாவில், டொரான்டோவில் ஆபீஸ் வேலை என்று போன புருஷன் திருமூர்த்தி, நேற்று சாயங்காலம்தான் வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். காலையிலிருந்து இருட்டும்வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் சட்டையில் புகை ஏறுவானேன்?

அவன் குளித்துக்கொண்டிருந்தான். துவைக்க எடுத்த துணிகளைக் கூடையில் போட்டுவிட்டு, அவள் பெட்டியை மறுபடியும் துழாவினாள். பனியன்களுக்கு அடியில் ஒரு போட்டோ கவர்.

முதல் படத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடு. வாசலில் ஒரு வெள்ளைக்காரி. தரையைக் கூட்டும் பாவாடை, தலையில் துணித் தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு.

அடுத்ததில் அவளே அடுப்படியில். விறகு திகுதிகுவென்று எரிகிறது.

அடுத்ததில் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் மரத் தொட்டில்!

எல்லாவற்றிலும் அதே பாவாடை, அதே தொப்பி. பாவி மனுஷன், மாற்றுத் துணிகூட எடுத்துத் தரவில்லை போலிருக்கிறது.

படத்தைத் திருப்பினாள். ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்புவதற்காகப் படங்களின் பின்னால் இரண்டு வார்த்தை எழுதி வைப்பது திருமூர்த்தியின் வழக்கம்.

முத்து முத்தான தமிழில் எழுதியிருந்தான்: ‘சின்ன வீடு.’

அப்படியானால் மாமனாருக்கும் தெரியும்! குடும்பமே கூட்டா?

போன மாதம்தான் பக்கத்து வீட்டு சாந்தி அக்கா இதே சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். வேலை போன பிறகும் மூன்று வாரம் அவள் புருஷன் கிட்டுசாமி தினமும் டை கட்டிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறியிருக்கிறார். அவளுக்குத் தெரியவே இல்லை. வேலையோடு விசாவும் போய், இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். “கூடவே இருக்கறோம், புருஷன் சட்டைய மோந்து பாத்தாவே தெரிஞ்சுருமே அக்கா” என்று சாந்தாமணி அன்றைக்குப் பெரிய இவளாட்டம் சொல்லியிருந்தாள்.

வாய்க்கொழுப்பு. இப்போது அனுபவி.

வருகிற செவ்வாய்க்கிழமை புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் பெயரிலும் வீடு. எவளோ ஒருத்தி வீட்டில் தொட்டில் ஆட்டிவிட்டு வந்தவனோடு சேர்ந்தா கையெழுத்து?

தலையைத் துவட்டிக்கொண்டே திருமூர்த்தி வந்தான். அவள் படத்தின் முதுகை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

“யாருங்க இவ? யாருக்குக் கட்டுன சின்ன வீடு இது?”

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“அட கிறுக்கி! அது மியூசியம் புள்ள. நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி கனடா கிராமம் எப்பிடி இருந்துச்சுனு அப்பிடியே வெச்சிருக்காங்க. காட்ட வெட்டிட்டு வந்ததும் மொதல்ல ஒரு ரூம்ல மரவீடு, அது சின்ன வீடு. நாலு வெள்ளாமை எடுத்தப்பறம் பக்கத்துலயே பெரிய வீடு. அந்தப் பொண்ணு அங்க வேலை பாக்குது. அந்தக் காலத்து டிரஸ் போட்டு, சமைச்சுக் காட்டும். வியாழக்கெழம மீட்டிங் கேன்சல் ஆச்சு, ஒரே ஒரு மணி நேரம், சும்மா போய்ட்டு வந்தேன்.”

கவரில் மிச்சமிருந்த படங்களை உருவிக் காட்டினான். பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை, மளிகைக் கடை, மாதா கோயில். மாடி வைத்த செங்கல் வீடு ஒன்று. அதன் பின்னால் ‘பெரிய வீடு’ என்று எழுதியிருந்தது.

சாந்தாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போயும் போயும் மாமனாரை வேறு சந்தேகப்பட்டோமே! அவன் ஈரத் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்காமலே வாஷிங் மெஷினுக்கு வந்தாள். புகை வாசனை அடித்த கோடு போட்ட சட்டையை உள்ளே போட்டாள். வியாழக்கிழமைச் சட்டை. ஐந்து நாளுக்கு ஐந்து என்று கிழமை வரிசையாக அயர்ன் பண்ணி அடுக்கியவளே அவள்தான்.

அடுத்து திங்கட்கிழமையின் நீலச் சட்டை. கை தானாக மூக்குக்குப் போனது.

புகை.

செவ்வாய்க்கிழமைச் சட்டையிலும் புகை. வெள்ளிக்கிழமைச் சட்டையிலும் புகை.

ஒரே பெட்டியில் கிடந்தது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டியிருக்கும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசும் கேட்டுக்கொள்ளத்தான் பார்த்தது.

நீலச் சட்டையின் கைமடிப்பைப் பிரித்தாள். சாம்பல் உதிர்ந்தது.

புதன்கிழமைச் சட்டைப் பையில் விரலை விட்டாள். இரண்டு மரச் சிராய்.

அப்படியானால் ஐந்து நாளும் மீட்டிங் கேன்சலா? இதற்கு அந்த வெள்ளைக்காரியே இருந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து திருமூர்த்தி குரல் கொடுத்தான்.

“சாந்தா, மண்டே ஆபீஸுக்கு அந்த நீலச் சட்டைய அயர்ன் பண்ணி வெச்சுரு. டையும் எடுத்து வை.”