ஏரியைப் பார்த்த அறை

"ஏரியைப் பார்த்த அறை எனக்குத்தான் வேணும். என் ஹனிமூன் அங்கதான் நடந்துச்சு" என்று வரவேற்பு மேசையைத் தட்டினாள் மில்ட்ரெட்.

"அது போன தலைமுறைக் கதை, கிழவி! என்னோடதும் அதே அறையிலதான்" என்று சீறினாள் டாஃப்னி.

பிரபுக்கள் வாழ்ந்த அந்த மாளிகை, ஓட்டலான பிறகும் இப்படியொரு சந்தைக்கடைச் சத்தத்தைக் கேட்டதில்லை.

"மன்னிக்கணும் மேடம்" என்றார் மேலாளர் பெல்ஹாம். "அதைப் புதுசாக் கல்யாணமானவங்களுக்குக் கொடுத்தாச்சு."

அப்போது தலைக்குச் சாயம் பூசிய ஒருவர் இளம் மனைவியுடன் உள்ளே வந்தார். இரண்டு பெண்களையும் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"வா ரூப்பர்ட்" என்றாள் மில்ட்ரெட். "கல்யாணச் செய்தியைப் பார்த்ததுமே நீ இங்கதான் வருவேன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மூணாவது ஹனிமூனுக்கும் அதே அறைதானா?"

"முதல் கல்யாணம்னு சொன்னீங்களே!" என்று அவரை முறைத்தாள் மணப்பெண். பிறகு பெல்ஹாமிடம் திரும்பினாள்.

"எனக்குத் தனி அறை இருக்கா?"