காதுக்குள் ஒரு வழித்துணை

ஏழாம் மாடி உணவுக்கூட வாசலுக்கு வந்ததும் தணிகாசலம் காதிலிருந்த வழித்துணையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண் தெரியாதவருக்கென்று அலுவலகம் கொடுத்த பொத்தான் அளவுக் கருவி அது. படி எங்கே, கதவு எங்கே, எதிரே வருவது யார், எல்லாம் சொல்லும்.

அதைக் கேட்டு மனு எழுதினதே அவர்தான். மாற்றுத்திறனாளி ஊழியர் உதவிக்குழுவுக்கு அவர்தானே செயலாளர். அதுவரைக்கும் குழுவில் ஆளுக்கொரு நாள் முறைவைத்து, முழங்கையைக் கொடுத்து அவரைச் சாப்பிடக் கூட்டிவருவார்கள். வழியெல்லாம் மாமியார் கதை, மகன் மார்க் கதை. கருவி வந்த மாதமே, "இனிமே நாம எதுக்கு?" என்று கேக் வெட்டிக் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

வளையல் சத்தம் கேட்டது. முன்பு புதன்கிழமைதோறும் கூட்டிவந்த பெர்னதத்.

"என்ன சார், வாசல்லயே நிக்கிறீங்க?"

"கருவியைக் காணோம்மா. கொஞ்சம் கையைக் குடேன்."

வளையல் பக்கத்தில் வந்தது. அவர் விரல் தொடுவதற்குள் சட்டைப்பை பேசிவிட்டது: "நேரே எட்டு அடி, ஐயா."

பெர்னதத் சிரித்தாள். "பையிலயே வச்சுக்கிட்டுத் தேடுறீங்களே சார்." அவளே எடுத்து, முந்தானையில் துடைத்து, பதமாக அவர் காதில் பொருத்தினாள். "இப்ப சரியாப் போச்சு. நான் சாப்பிட்டாச்சு, வரட்டா?"

"மகன் என்ன பண்றான்மா?" என்று அவர் கேட்டபோது செருப்புச் சத்தம் லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தது.

"நடங்க ஐயா," என்றது காதுக்குள் குரல். "சன்னலோர மேசையில நாலு நாற்காலியும் காலிதான். எதுல வேணும்னாலும் உட்காரலாம்."