முகத்தருகே லாந்தர்

"அந்த மனுஷன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலடி," என்றாள் நம்யாலோ, திரைக்குப் பின்னால் வந்ததும் வராததுமாக. கையிலிருந்த தட்டைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"கொஞ்சம் முன்னால போய் நில்லேன். உனக்கென்ன, வசனமா இருக்கு மறந்துபோக?" என்றாள் கிராபோ. நாடகம் முழுக்க வசனம் இருப்பவள், சொல்ல மாட்டாளா என்ன.

கம்பாலாவின் அந்த நாடகப் பள்ளியில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு என்பது இந்த ஒரு நாள்தான். பெரிய நாடகக் குழு நடத்தும் வாலுசிம்பி வந்து பார்ப்பார், பிடித்த ஒருவரைக் கூட்டிப் போவார். மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வானொலியில் வருஷக்கணக்காக நாடகம் போட்டவர் அவர். குரல் உகாண்டா முழுக்கத் தெரியும், முகத்தைப் பிள்ளைகள் யாரும் கண்டதில்லை. இன்றைக்கும் அரங்கில் விளக்கை அணைத்த பிறகுதான் மனைவியோடு கைகோத்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

நம்யாலோவுக்கு ஜின்ஜாவில் சடை பின்னும் கடை வைத்திருக்கும் அத்தை ஒருத்தி. படிக்க வைத்தவள் அவள்தான். "இன்னிக்கு அந்தக் குழுவுல சேர்ந்தா சரி. இல்லேன்னா நாளைக்கே வந்து சீப்பைப் பிடி. நாடகம் கீடகம்னு அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது," என்று காலையில்தான் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

வாயைத் திறந்தால்தான் வம்பே. "உன் குரல் கீச்சு கீச்சுன்னு இருக்கு. முகம் நல்லா இருக்கு, அதை வச்சுப் பொழைச்சுக்கோ," என்று ஆசிரியை பபிரியே முதல் வருஷமே கையை விரித்துவிட்டார். அதனால்தான் இந்த ஊமை வேலைக்காரி வேஷம்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஆளாளுக்குக் கைபேசியை எடுத்து வெளிச்சம் அடித்தார்கள். வாலுசிம்பி மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும்," என்று திரை இடுக்கில் பார்த்து மெச்சினாள் கிராபோ.

பபிரியே இரண்டு லாந்தர்களோடு தட்டுத்தடுமாறி வந்தார். "நாடகம் நிக்கக் கூடாது. இதை வச்சு நடத்துங்க. ஸ்பீக்கர்ல குழந்தை அழற சத்தம் வராது. நம்யாலோ, உள்ளே வந்ததும் நீயே அழுதுடு."

நம்யாலோ குறுக்கே வந்து நின்றாள். "மேடம், அந்த இடத்துல நான் வாசல்ல நின்னு கண்ணீர் விடணும். எனக்குன்னு இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"வேற யாரும்மா சும்மா இருக்கா? நாய் குலைக்கிறதோ, மழை பெய்யறதோ, வசனம் இல்லாதவங்கதானே இங்க சத்தம் கொடுப்பாங்க. போ, போ."

அதற்கு முன்னால் அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு காட்சி. நம்யாலோ லாந்தரைத் தாடைக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கே போய்விட்டாள். கண்ணீர் மளமளவென்று கொட்டியது. நடிப்பு பாதி, பயம் பாதி.

"முடி பத்திக்கப் போகுதுடி, தள்ளு," என்று கிராபோ இரண்டு வசனத்துக்கு நடுவில் பல்லைக் கடித்தாள். நம்யாலோ தள்ளவில்லை. கன்னம் சுட்டது. வாலுசிம்பியோ பக்கத்துச் சுவரில் பல்லி பார்ப்பவர் போல அந்தப் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

திரைக்குப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். எல்லாம் போச்சு. இனி நாடகத்தில் உள்ளறைக் குழந்தை அழ வேண்டும், இளைக்க வேண்டும், சாக வேண்டும். யார் அழுதால் என்ன என்ற வெறுப்பில் வாயைத் திறந்தாள்.

அந்தக் கீச்சுக் குரல் வீறிட்டது. அத்தையின் சீப்பு, பட்டினியாகக் கிடந்து வசனம் பழகிய ராத்திரிகள், யாருக்கும் வேண்டாத இந்தத் தொண்டை, எல்லாம் அதில் வந்தன. மெல்ல மெல்ல நூலாக இளைத்து, இரண்டு விக்கலோடு நின்றது. மேல்துணியை வாயில் அடைத்துக்கொண்டு, நாடகத்தில் இல்லாத அழுகையைத் தனியாக அழுதாள்.

நாடகம் முடிந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் லாந்தரோடு இறங்கி வாலுசிம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். கிராபோ கணீரென்று வணக்கம் சொல்லி, பெரியவர்களுக்கு முன்னால் பெண்கள் மண்டியிடும் முறைப்படி மண்டியிட்டாள். "நல்லா பேசினேம்மா," என்றார் அவர். அவள் முகம் பூரித்துப் போனது.

நம்யாலோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவர் செருப்புக்கு நேர் முன்னால் மண்டியிட்டாள். வீறிட்டு வீறிட்டுக் கம்மிப்போன குரலில் வணக்கம் வெளியே வரவில்லை. நிமிர்ந்து, லாந்தர் வெளிச்சத்தில் முழு முகத்தையும் அவருக்குக் காட்டினாள். அவர் குனியவே இல்லை. அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அவள் அங்கேயே மண்டியிட்டபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரைக் கூட்டிட்டுப் போறீங்க, ஐயா?" என்று பபிரியே கேட்டார்.

வாலுசிம்பி கையை வெறும் காற்றில் நீட்டினார்.

"உள்ளறையில அழுதுச்சே அந்தக் குழந்தை, அவதான் வேணும். யாராவது என் கையைப் பிடிச்சு அவ இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."