பாதி நீலம், பாதி சிவப்பு

இந்த ஐரோப்பிய நாட்டில் பாராளுமன்றத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டாலும், அதன் நிறத்தில் வீட்டுக்கதவு ஒளிரும். ஹோட்டலில் கோப்பை கழுவுகிற நான் கெட்டிக்காரன்போல மனிசி வதனாவிடம் சொன்னேன்: "நான் நீலத்துக்குப் போடுறன், நீ சிவப்புக்குப் போடு. ஆர் வெண்டாலும் எங்களைத் தொடமாட்டாங்கள்."

கதவு பாதி நீலம், பாதி சிவப்பாக ஒளிர்ந்தது. பின்னேரமே நீலக்காரர் வந்து சிவப்புப் பாதியைக் கோடாலியால் கொத்தினார்கள். தடுத்த என் கையிலும் ஒரு கொத்து விழுந்தது. பிறகு சிவப்புக்காரர் வந்து மிச்சத்தைக் கொத்தினார்கள்.

"இஞ்சாருங்கோ, கதவே போச்சு. இனி நாங்கள் எந்தப் பக்கமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது." என் கைக்குத் துணி சுற்றியபடி வதனா சிரித்தாள்.

தெருவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு நின்ற நீலக்காரர், சிவப்புக்காரரில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "அந்த வீட்டில் நிறமே இல்லை! வாக்குப் போடாத துரோகிகள்!"

இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திவிட்டு, ஒன்றாக எங்கள் வீட்டுக்குள் ஏறின.