எதிரே வந்த வெளிச்சம்

"வண்டி நம்பர் வேணாம்மா. இன்னா வண்டி, ஓட்டிகினு வந்தவன் எப்பிடி இருந்தான், அத மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்குறேன்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலை ஒட்டி நின்றபடி ஜெபா கேட்டான். அம்மா மார்கரெட்டின் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"எவனும் வரல. ரோட்டுல மணல் கெடந்துச்சு, ஸ்கூட்டி சறுக்கிடுச்சு."

"அங்க மணலே இல்ல. நான் போய் பாத்துட்டுத்தான் வரேன். தினம் ஓட்ற ரோடு, நீ சும்மா வுழ மாட்ட. எவனையோ காப்பாத்துற நீ."

மார்கரெட் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெபா, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராஜாராமிடம் வந்தான். அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தவர் அவர்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணா. அந்த நேரத்துல எவனாச்சும் போனானா?"

"நான் வரும்போதே அம்மா பள்ளத்துல கெடந்தாங்க, தம்பி."

"நீங்க மட்டும் நிக்கலன்னா..." என்று ஜெபா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். உருவிக்கொள்ளவும் முடியாமல், அவன் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் ராஜாராம் தரையையே பார்த்தார்.

ராஜாராம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஏ.சி. மெக்கானிக். வேலை முடிந்து திருக்கழுக்குன்றம் பக்கம் இருக்கும் தன் ஊருக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். ஒருநாள் நடுரோட்டில் படுத்திருந்த எருமை, கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. அதைக் கேட்டதிலிருந்து, அவர் வந்து சேரும்வரை அவர் மனைவி துர்காதேவி வாசலிலேயே நிற்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கின் ஹெட்லைட்டைக் கழற்றினார். மஞ்சளடித்துப் போயிருந்த கண்ணாடியை டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தார். உள்ளே படிந்திருந்த தூசியைப் பஞ்சால் துடைத்தார். மாட்டிப் பார்த்தபோது எதிர்வீட்டுச் சுவரில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது.

"நல்லாத்தான கீது. இதுவே போதுமே," என்றாள் துர்காதேவி.

அவருக்குப் போதவில்லை. வெள்ளை வெளேரென்று அடிக்கிற எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கித் தானே மாட்டினார். பழைய பல்புக்கென்று செய்த ஹெட்லைட் அது. புது பல்பின் வெளிச்சம் ரோட்டில் விழுந்ததைவிட, எதிரே வருபவர்கள் முகத்தில் சிதறியதுதான் அதிகம். "டிம் பண்ணுயா" என்று கத்திவிட்டுப் போனார்கள். ராஜாராமுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்கரெட் விழுந்த அன்றும் அப்படித்தான். எதிரே வந்த ஒரு ஸ்கூட்டி தடுமாறியது. தாண்டிப் போன பிறகு ஏதோ சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ரோடு காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனார். மனசு கேட்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்தார்.

மறுநாளே அந்த பல்பைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார்.

"ஏங்க, அதுக்குள்ள கழட்டிட்டீங்க?"

"ரொம்ப கூசுது."

அதற்கு மேல் அவளிடமும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவார். ஜெபா எழுந்து ஸ்டூலைக் கொடுப்பான். "சர்ச்சுல ஒங்க பேரச் சொல்லி பிரேயர் பண்ணாங்கண்ணா" என்பான். வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விடும்.

மார்கரெட் ஜாக்கெட் தைப்பவள். அவள் ஊர்க் கல்யாணப் பெண்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். கட்டுப் பிரித்த பிறகு ராஜாராம் அவள் வீட்டுக்குப் போனபோது, மேஜைமேல் ஒரு பட்டுத் துணி விரித்திருந்தது. கத்தரிக்கோலில் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் மடங்கவில்லை. இடது கையால் கத்தரிக்கோலை உருவி, ஓரமாக வைத்தாள்.

"பழையபடி வராதாம். டாக்டர் சொல்லிட்டாரு."

பட்டுத் துணியை மடித்து எடுத்துக்கொண்டான் ஜெபா. "இத கல்யாண வூட்ல குடுத்துட்டு, அண்ணனுக்கு டீ வாங்கியாறேன்," என்றவன் வாசலில் நின்று, "அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் ராஜாராம் எழுந்து நின்றார்.

"அக்கா, அன்னைக்கு எதிர்ல வந்தது..." "என் வண்டிதான். பெரிய லைட்டா போட்டு வெச்சிருந்தேன். அதுல கண்ணு கூசித்தான் நீங்க வுழுந்தீங்க. பயத்துல ஒங்க புள்ளகிட்ட பொய் சொல்லிட்டேன்."

மார்கரெட் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும். நீ திரும்பி வந்து வண்டிய நிறுத்தினப்ப, பள்ளத்துல கெடந்த என் மூஞ்சில அதே வெளிச்சம்தான வுழுந்துச்சு."

ராஜாராம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்பறம் ஏன்க்கா அவன்கிட்ட சொல்லல? என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றாள் மார்கரெட், மடங்காத விரலை நீவியபடி. "இந்தக் கையப் பாக்கும்போதெல்லாம் ஒன்னத்தான் திட்டுறேன். ஆனா நீ திரும்பி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வண்டி என்னைப் பாத்துட்டு நிக்காம போச்சு. நின்ன ஒருத்தனையும் காட்டிக் குடுத்துட்டா, நாளைக்கு என் புள்ள அந்த ரோட்டுல வுழுந்து கெடந்தா, வண்டிய யாரு தம்பி நிறுத்துவாங்க?"